படகை ட்ரெய்லரில் இழுக்கும்போது ட்ரான்சமையும் மோட்டாரையும் காப்பது எப்படி?

படகு வாங்கிய புதிதில் எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் பயம். அலை வந்தால் என்ன செய்வது, பாறையில் இடித்தால் என்ன ஆகும், நடுவில் மோட்டார் நின்றுபோனால் எப்படித் திரும்புவது என்றுதான் கேட்பார்கள். வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் இருக்கிற சாலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பின்னால் அவுட்போர்டு மோட்டார் தொங்குகிற படகுக்குச் சாலை தருகிற அடி லேசானதில்லை. தண்ணீர் படகின் அடிப்பாகம் முழுவதையும் ஏந்திக்கொள்ளும். ட்ரெய்லர் சில கட்டைகளிலும் உருளைகளிலும் மட்டும்தான் ஏந்துகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மோட்டார் ஒரு குலுக்கு குலுக்குகிறது. அதை வாங்கிக்கொள்வது படகின் பின்பலகை. இந்தப் பின்பலகையைத்தான் ட்ரான்சம் என்கிறார்கள்.

ஒரு நண்பர் பழைய ஃபைபர் கிளாஸ் படகு ஒன்றைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார். மோட்டார் புதிதுபோல் இருந்தது. படகும் கழுவித் துடைத்து நின்றது. மோட்டார் உட்காருவதற்காக ட்ரான்சத்தின் மேல்விளிம்பை வெட்டித் தாழ்த்தியிருக்கும் இடத்தில், ஒரு மூலையில் மட்டும் மயிரிழை போல ஒரு விரிசல். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ட்ரான்சத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரங்களில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். மோட்டாரின் கீழ் போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் வந்ததும் 'தொப்' என்று அடங்கிவிட்டது. மோட்டாரைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் கீழ்முனையைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தோம். விரிசல் வாய் திறந்து மூடியது. அதன் ஓரத்தில் பழுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து நின்றது. உள்ளே இருந்த பிளைவுட் ஊறிப்போயிருந்தது. படகுக்காரரிடம் கேட்டோம்: மோட்டாரை மேலே தூக்கி, அதிலேயே இருக்கிற பூட்டு நெம்பைப் போட்டுவிட்டுத்தான் பல வருடமாக இழுத்துப் போயிருக்கிறார். மோட்டாருக்குக் கீழே தாங்கு கம்பியும் இல்லை, படகின் பின்பக்கத்தை ட்ரெய்லரோடு கட்டப் பெல்ட்டும் இல்லை. அவர் கவனமில்லாதவர் இல்லை. மோட்டாருக்குத் தவறாமல் எண்ணெய் மாற்றியவர். இதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து புதிதாகப் படகு வாங்கும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: சாலையில் போகும்போது படகு, மோட்டார், ட்ரெய்லர் மூன்றும் ஒரே உடம்பாக அசைய வேண்டும். இவற்றில் ஒன்று தனியாக ஆடினாலும் அந்த ஆட்டத்தின் அடி ட்ரான்சத்தில்தான் போய் விழும். கீழே சொல்கிற வேலைகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ட்ரான்சம் எவ்வளவு தாங்குகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ மோட்டார்; 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறத்தாழ அந்த எடையில்தான் இருக்கும். அதன் எடை மையம் ட்ரான்சத்திலிருந்து 25 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 20 செ.மீ. மோட்டார் சும்மா தொங்கும்போதே மேல் போல்ட்டுகளைப் பின்னோக்கி இழுக்கிற விசை 125 கிலோ எடைக்குச் சமம். கீழ்ப்பக்கம் அதே அளவு விசை பலகையை உள்நோக்கி அழுத்துகிறது. ட்ரெய்லர் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது மோட்டாரின் எடை ஒரு நொடி இரட்டிப்பானது போல ஆனால், 125 என்பது 250 ஆகும். ஒரு பயணத்தில் இப்படி எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை! ஒரே அடியில் எதுவும் உடைவதில்லை. இழுப்பும் அழுத்தமும் மாறி மாறி நடந்து, முதலில் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் பசை, அதாவது சீலன்ட், விடும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பிளைவுட் ஊறும். ஊறின பலகை வளையத் தொடங்கினால் அப்புறம் எல்லாம் வேகமாக நடக்கும்.

அலுமினியப் படகென்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பல அலுமினியப் படகுகளிலும் ட்ரான்சத்துக்குள் பிளைவுட்தான் இருக்கிறது. அங்கே வெல்டிங் ஓரத்திலும் ரிவெட் வரிசையிலும் விரிசல் காட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை

பருவத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். பதினைந்து நிமிட வேலை. ட்ரான்சத்தின் மேல் மூலைகளைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பூச்சில் மட்டும் சிலந்திவலை மாதிரி இருக்கிற மெல்லிய கீறல் உடனே பயப்பட வேண்டியதில்லை. அதைப் படம் எடுத்து வைத்து, அடுத்த முறை நீண்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மூலையிலிருந்து கீழ்நோக்கி ஓடுகிற விரிசல் வேறு விஷயம். போல்ட் தலைகளுக்குக் கீழே துருக்கறையோ பழுப்பு வழிசலோ இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று பொருள். தட்டிப் பாருங்கள். சத்தத்தை ஓர் இடத்தில் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், ஓரத்திலிருந்து போல்ட்டுகளை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே சத்தம் மாறுகிறது என்பதுதான் முக்கியம்.

போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் சும்மா முறுக்கி இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். ஏன் தளர்ந்தது என்று யோசியுங்கள். பலகை மென்மையாகிவிட்டால் இறுக்க இறுக்க வாஷர் உள்ளே அமுங்கிக்கொண்டே போகும். வாஷரைச் சுற்றிப் பள்ளம் தெரிந்தால் இழுக்கும் பயணத்தை நிறுத்திவிட்டு, படகு பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதுதான் சரி. பலகை நன்றாக இருந்தால் போல்ட்டைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, கடலுக்கு ஏற்ற புது சீலன்ட் வைத்து, மோட்டார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

ட்ரெய்லர் படகுக்குப் பொருந்துகிறதா?

மோட்டாரை எப்படித் தாங்குவது என்று ஆயிரம் பேர் பேசுவார்கள். படகின் அடியில் இருக்கிற கட்டைகளை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் வேலை.

குனிந்து பாருங்கள். படகு உட்காருகிற நீளமான கட்டைகளின் பின்முனை ட்ரான்சத்துக்கு நேர் கீழே வரைக்கும் வந்திருக்க வேண்டும். ஓரிரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் நல்லதே. கட்டை முன்னாலேயே முடிந்துவிட்டால் ட்ரான்சமும் மோட்டாரும் அந்தரத்தில் தொங்குகின்றன என்று அர்த்தம். அந்த எடையில் படகின் அடிப்பாகமே நாளடைவில் வளைந்துவிடும். பிறகு தண்ணீரில் ஓடும்போது வேகம் எடுக்காமல் முன்பகுதி கீழே அழுந்தும். இதற்குத் தாங்கு கம்பி எதுவும் மருந்தாகாது. படகை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்த முடியுமா என்று பாருங்கள். அதற்கு வின்ச் (படகை ட்ரெய்லர் மேல் இழுத்து ஏற்றுகிற சுருள்) நிற்கும் தூணை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். முடியாவிட்டால் நீளமான கட்டையாக மாற்றுங்கள். படகை நகர்த்தினால் ட்ரெய்லரின் மூக்கில், அதாவது வண்டியோடு மாட்டுகிற முன்முனையில், விழும் எடையும் மாறும். படகு ட்ரெய்லர்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை மூக்கில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. உங்கள் ட்ரெய்லருக்கும் வண்டிக்கும் சொல்லியிருக்கிற வரம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் கனத்து மூக்கு லேசானால் வண்டி ஓடும்போது ட்ரெய்லர் பாம்பாக நெளியும்.

மோட்டார் இறங்கியிருக்கலாமா, தூக்கியிருக்க வேண்டுமா?

முடிந்தால் இறக்கியே வையுங்கள். தண்ணீரில் ஓடும்போது எப்படி நிற்குமோ அப்படியே செங்குத்தாக இருப்பதுதான் மோட்டாருக்கும் ட்ரான்சத்துக்கும் நல்லது. அந்த நிலையில் மோட்டார் தன் பிராக்கெட்டில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தனியாகத் துள்ள இடமிருக்காது. யமஹா, மெர்குரி நிறுவனங்களின் கையேடுகளும் இதைத்தான் முதல் தேர்வாகச் சொல்கின்றன. தரைக்கு இடைவெளி போதாவிட்டால் மட்டுமே மோட்டாரைச் சாய்த்து, அதற்கென்று செய்த தாங்கு கம்பியைப் போடச் சொல்கின்றன.

இடைவெளியைச் சமதளத்தில் அளந்தால் போதாது. ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் படகு எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதற்கேற்ப, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் மோட்டாரின் கீழ்முனை தாழ்ந்து வரும். வீட்டு வாசல் சரிவு, பெட்ரோல் பங்க் நுழைவு, ரயில்வே கேட் மேடு எல்லாம் நினைவில் இருக்கட்டும். புரொப்பெல்லருக்குக் கீழே மீன் துடுப்பு மாதிரி நீட்டியிருக்கும் தகடு தரையில் உரசினால் அந்தத் தகட்டோடு போய்விடாது. அடி நேராக ட்ரான்சத்துக்கு ஏறும். செங்குத்தாக வைத்துப் போவதென்றால் அந்தத் தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஓர் அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது என் கணக்கு.

இப்போது அந்தப் பூட்டு நெம்பு விஷயத்துக்கு வருவோம். மோட்டாரை முழுதாகத் தூக்கினதும் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பையோ குமிழையோ தள்ளி, மோட்டார் கீழே வராமல் நிறுத்தலாம். இது படகு நிற்கும்போது பயன்படுத்துவதற்கு: கரையில் கட்டி வைக்கும்போது, புரொப்பெல்லர் கழற்றும்போது. சாலையில் இதை நம்பவே கூடாது. ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கி மோட்டார் அந்தப் பூட்டிலிருந்து நழுவித் தடாலென்று விழலாம். விழாவிட்டாலும், மோட்டாரின் குலுக்கல் முழுவதும் அந்தச் சின்ன இரும்புத் துண்டு வழியாகப் பிராக்கெட்டுக்கும் ட்ரான்சத்துக்கும் போகிறது. மோட்டாரைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் சிலிண்டரை மட்டும் நம்பித் தூக்கி வைப்பதும் சரியில்லை. பழைய சீல்கள் கசிந்து மோட்டார் மெல்ல மெல்ல இறங்கிவிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எந்தத் தாங்கு?

இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று, ட்ரெய்லரின் பின் குறுக்குச் சட்டத்திலோ உருளைப் பிராக்கெட்டிலோ ஒரு முனையும் மோட்டாரின் கீழ்ப்பகுதியில் மறுமுனையும் இருக்கும் நீளக் கம்பி. மேல்முனை ரப்பர் பூசிய கவை மாதிரி இருக்கும். இது மோட்டார் எடையில் ஒரு பங்கை ட்ரெய்லருக்கு மாற்றிவிடும். இன்னொன்று, நீட்டி நிற்கிற ஹைட்ராலிக் தண்டின் மேல் மாட்டுகிற சின்னக் கட்டை. மோட்டாரை அதன் மேல் இறக்கினால் தண்டு உள்ளே போகாமல் நின்றுவிடும். இது ட்ரெய்லரைத் தொடுவதில்லை. மோட்டார் துள்ளாமலும் நழுவாமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் எடை முழுவதும் ட்ரான்சத்தில்தான் இருக்கும்.

எது நல்லது என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. கம்பி வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் உண்டு: ட்ரெய்லர் சட்டம் நெளியும், படகு மேலும் கீழும் குதிக்கும், நடுவில் விறைப்பான கம்பி இருந்தால் அந்தக் குதிப்பெல்லாம் மோட்டாரை மேல்நோக்கிக் குத்தும். உண்மைதான். ஆனால் இந்தக் குறை, படகைப் பின்பக்கம் கட்டாமல் விடும்போதுதான் பெரிதாக வருகிறது. படகு ட்ரெய்லரோடு இறுகக் கட்டப்பட்டிருந்தால் குதிப்பே இருக்காது. ஆகவே கனமான மோட்டாருக்கு நான் கம்பியைத்தான் சொல்வேன், உள்ளே ஸ்ப்ரிங்கோ ரப்பரோ வைத்து அதிர்வை உறிஞ்சுகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை: பின்பக்கம் இரண்டு பெல்ட் இல்லாமல் கம்பியைப் போடாதீர்கள். கம்பியின் கீழ்முனை உட்கார வலுவான இடம் இல்லாத ட்ரெய்லராக இருந்தால் கட்டை வகையே பாதுகாப்பு.

பெல்ட் முதலில், கம்பி அப்புறம்

வரிசை முக்கியம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் படகின் முன்முனையை வின்ச்சால் இழுத்து, அங்கே இருக்கும் ரப்பர்த் தடுப்பில் அழுத்தி நிறுத்துங்கள். வின்ச் பெல்ட்டை மட்டும் நம்பாமல் தனிச் சங்கிலி ஒன்றையும் மாட்டுங்கள். பிறகு பின்னால் வாருங்கள். ட்ரான்சத்தின் இரண்டு பக்கமும் கீழே உலோக வளையம் இருக்கும். இடது வளையத்திலிருந்து ட்ரெய்லர் சட்டத்தின் இடதுபக்கத்துக்கு ஒன்று, வலதிலிருந்து வலதுக்கு ஒன்று என்று, பல்சக்கரத்தால் இறுக்குகிற ராட்செட் பெல்ட் இரண்டு. கைப்பிடிக் கம்பியிலோ மோட்டாரிலோ கட்டக் கூடாது. பெல்ட் பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான், அதிலும் நனைந்தால், நீண்டு தளரும். லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது அறுந்துபோகும் அளவு. நீங்கள் நம்ப வேண்டியது சிறிய எண்ணை.

இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் படகு கோணலாக உட்கார்ந்துவிடும். எவ்வளவு இறுக்கம்? ட்ரான்சத்தின் மூலையில் கையை வைத்துப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளுங்கள். படகு மட்டும் ஆடினால் போதவில்லை. படகோடு ட்ரெய்லரும் சேர்ந்து தன் ஸ்ப்ரிங்கில் ஆடினால் சரி. வளையத்தின் அடியில் ஃபைபர் முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை. பெல்ட்டில் ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் காற்றில் படபடத்து ரீங்காரமிடாது. படபடப்பதால் வரும் தேய்மானமும் குறையும். மிஞ்சிய நுனியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கக் கூடாது.

இதற்குப் பிறகுதான் கம்பி. ஏனென்றால் பெல்ட்டை இறுக்கும்போது படகின் பின்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கும். கம்பியை முதலில் வைத்துவிட்டால் அந்த இறக்கம் முழுவதும் மோட்டாரைக் கம்பியின் மேல் அழுத்திவிடும். மோட்டாரைத் தேவைக்கு மேல் தூக்குங்கள். கம்பியின் கீழ்முனையை அதன் இடத்தில் வைத்து, பூட்டும் ஊசியை (பின்) மாட்டுங்கள். கவையை மோட்டாரின் கீழ்த் தண்டும் புரொப்பெல்லர் உருளையும் சேருகிற இடத்துக்கு அருகே, கம்பியோடு வந்த குறிப்பில் காட்டியபடி வையுங்கள். குளிர்விக்கும் நீர் போகிற சல்லடைத் துளைகளை அது அழுத்தக் கூடாது. இப்போது இறக்கும் பட்டனைத் தொட்டுத் தொட்டு விடுங்கள், ஒரேயடியாக அழுத்த வேண்டாம். மோட்டார் கவைக்குள் வந்து உட்காரும். கம்பியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் இன்னொரு தொடுதல். ஆட்டம் நின்றதும் நிறுத்துங்கள். ஹைட்ராலிக் பம்ப்புக்கு நிறைய பலம் உண்டு. அழுத்திக்கொண்டே இருந்தால் கம்பியை வளைத்துவிடும், அல்லது கம்பி ட்ரான்சத்தையே மேல்நோக்கித் தள்ளும். பம்ப் முனகுகிற சத்தம் வந்தால் ஏற்கெனவே அளவு மீறிவிட்டது. கடைசியாகக் கம்பியோடு வந்த ரப்பர்ப் பட்டையால் மோட்டாரையும் கவையையும் சேர்த்துக் கட்டுங்கள்.

கம்பியின் நீளத்தை மாற்ற முடியுமென்றால், மோட்டார் தரையில் படாத அளவுக்கு மட்டும் உயர்ந்து நிற்கிற மாதிரி துளையைத் தேர்ந்தெடுங்கள். உச்சிவரை தூக்கி வைக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

மோட்டார் இடவலமாகத் திரும்புவதையும் மறக்க வேண்டாம். ஸ்டியரிங் வீல் உள்ள படகில் வீலை நேராக்கி வையுங்கள். கைப்பிடியால் திருப்புகிற மோட்டார் என்றால் கவையின் பட்டை மட்டும் போதாது. கைப்பிடியையும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துங்கள்.

சின்ன மோட்டார் என்றால்

திருகுக் கைப்பிடியால் இறுக்குகிற சின்ன மோட்டார்களைக் கழற்றி வண்டிக்குள் எடுத்துப்போவதே நல்லது. திருகுகள் அதிர்வில் தளரும். கழற்ற வழியில்லையென்றால் திருகுகளை இறுக்கி, மோட்டாரிலிருந்து படகின் வளையத்துக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். கழற்றின மோட்டாரைப் படுக்க வைக்கும் முன் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுவதும் வடியட்டும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும் என்று அதன் மேலேயோ கையேட்டிலோ குறித்திருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஓடிவிடும். எந்த மோட்டாரானாலும் என்ஜின் பக்கம் புரொப்பெல்லர் பக்கத்தை விடத் தாழ்ந்து இருக்கக் கூடாது. மிச்சமிருக்கும் தண்ணீர் உள்ளே போய்விடும்.

மற்ற வேலைகள்

படகின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு இழுங்கள். மழையோ உள்ளே தங்கின தண்ணீரோ பின்பக்கம்தான் சேரும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. இன்னொரு மோட்டாரை உள்ளே வைத்த மாதிரி. கழற்றின அடைப்பானை எப்போதும் ஒரே இடத்தில் போடுங்கள். நான் அதைப் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டி வைக்கிறேன். எடுத்துச் செல்லும் பெட்ரோல் டேங்க் என்றால் காற்றுத் துளையை மூடி, குழாயை மோட்டாரிலிருந்து கழற்றுங்கள். பேட்டரி சுவிட்சை அணையுங்கள். நங்கூரம், கனமான பெட்டிகள் எல்லாம் ட்ரான்சத்தின் மேல் சாய்ந்திருக்க வேண்டாம்.

மோட்டாரின் மேல்மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். துணி உறை போடுவதென்றால் சாலையில் போடுவதற்கென்று இறுக்கமாகத் தைத்ததைப் போடுங்கள். தளர்ந்த உறை காற்றில் அடித்து, நடுவில் இருக்கும் தூசியால் பெயிண்ட்டைத் தேய்த்துவிடும். புரொப்பெல்லருக்கு ஓர் உறை போட்டு, கண்ணில் படுகிற சிவப்புத் துணி கட்டுங்கள். உங்கள் பகுதியின் சாலை விதி பின்னால் நீட்டிய பொருளுக்கு என்ன கேட்கிறதோ அதையும் பாருங்கள். பின்விளக்குகளையோ நம்பர் தகட்டையோ மோட்டார் மறைக்கக் கூடாது.

வழியில்

கிளம்பி 10, 15 கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். இதை விட்டுவிடாதீர்கள். முதல் சில கிலோமீட்டரில்தான் படகு குலுங்கிக் கட்டைகளில் நன்றாக உட்காரும். அப்போது பெல்ட் தளரும். பெல்ட்டை விரலால் மீட்டிப் பாருங்கள், கிளம்பும்போது இருந்த விறைப்பு இருக்கிறதா? கம்பியைப் பிடித்து ஆட்டுங்கள். சக்கர நடுவில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் படகை ஒரு சுற்று. வேகத்தடையையும் ரயில்வே மேட்டையும் நடக்கிற வேகத்தில் கடந்தாலே ட்ரான்சத்துக்குப் பாதி வலி குறையும்.

தண்ணீரில் இறக்கும் இடத்தில்

பெரிய சேதங்களில் சில இங்கே, அவசரத்தில் நடக்கின்றன. கம்பியை எடுக்க மறந்து மோட்டாரை இறக்கும் பட்டனை அழுத்திவிடுவது ஒன்று. பின் பெல்ட்டை அவிழ்க்க மறந்து ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டுவிடுவது இன்னொன்று: படகு மிதக்க முயலும், பெல்ட் விடாது, பின்பக்கத்தின் மேல் தண்ணீர் ஏறும்.

சரிவுக்கு வரும் முன்பே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் முடியுங்கள். மோட்டாரைக் கொஞ்சம் தூக்கி, கம்பியின் ரப்பர்ப் பட்டையை அவிழ்த்து, கம்பியை எடுங்கள். மோட்டாரை மேலே தூக்கிய நிலையிலேயே விடுங்கள். சரிவில் இறங்கும் சில அடி தூரத்துக்கு மட்டும் அது பரவாயில்லை. பின் பெல்ட்டுகளை அவிழுங்கள். வடிகால் அடைப்பானைப் போடுங்கள். முன்னால் வின்ச்சும் சங்கிலியும் தண்ணீர் விளிம்புக்குப் போகும்வரை இருக்கட்டும்.

மறதிக்கு ஒரு வழி: கம்பி போட்டிருக்கும்போதெல்லாம் படகின் சாவித்துளையில் ஒரு சிவப்பு நாடாவை மாட்டி வையுங்கள். அதை எடுக்காமல் சாவி போட முடியாது. எடுக்கும்போது கம்பி ஞாபகம் வந்துவிடும்.

திரும்பும்போது வரிசை அப்படியே தலைகீழ். வின்ச்சையும் சங்கிலியையும் தண்ணீர் விளிம்பிலேயே மாட்டிவிடுங்கள். ட்ரெய்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், சமதளத்துக்குப் போய் அடைப்பானைக் கழற்றி, மோட்டாரை முழுதாக இறக்கி ஒரு சில நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வடியட்டும். உறைபனி விழும் இடங்களில் இது இன்னும் முக்கியம், தேங்கின தண்ணீர் உறைந்தால் உலோகத்தையே பிளந்துவிடும். அப்புறம் பெல்ட், கடைசியில் கம்பி.

வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் கம்பியை எடுத்துவிட்டு மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி வையுங்கள். வாரக்கணக்கில் நிற்கப் போகிற படகென்றால் பின் பெல்ட்டுகளை ஒரு பல் தளர்த்துங்கள். உப்புத் தண்ணீரில் ஓடியிருந்தால் பெல்ட்டின் ராட்செட்டையும் கம்பியின் பின்னையும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுருட்டி வைக்கும் முன் பெல்ட்டை முழு நீளத்துக்கும் விரல்களுக்கு நடுவில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது நூல் பிரிந்து சொரசொரவென்று பட்டால் அந்தப் பெல்ட்டை அன்றைக்கே இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுதாக வைத்திருந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.